இசை யார் வீட்டுச் சொத்து?



சங்கீத ஞானம் தெய்வ கடாட்சத்தால் வருவதென்றும், பிறவியிலேயே அமைவதென்றும் சொல்லுகிறார்கள். அப்படியானால் ஹிப் ஹாப் இசையை அருளிய தெய்வம் எது?

1973 ஆகஸ்டு 11-ந் தேதி, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், தங்கை நடத்திய விருந்துக்கு இசைத்தட்டு சுழற்றியவர், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் 18 வயதுக் கறுப்பு வாலிபர். ஜேம்ஸ் பிரவுன் முதலானோர் தட்டுகளில் தாளம் மட்டும் முழங்கும் துண்டை, இரண்டு கிராமபோன்களில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். அத்தாளத்தின்மேல் ஏழைகள் தங்கள் பேச்சையே பாட்டாக்கினார்கள்.

1982-ல் வந்த 'தி மெசேஜ்' என்ற பாட்டை நாம் கேட்டோம். எல்லாச் சொல்லும் விளங்கவில்லை, தரித்திரம் விளங்கிற்று.

இதில் கடவுளுக்கு என்ன வேலை? குலத்துக்கு என்ன வேலை? யோசித்துப் பாருங்கள்.