இடித்த ஜல்லியில் சம்ப் கட்டலாமா?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். விஷயம் உங்களுக்குத் தெரியும். பழைய காம்பவுண்டு சுவரையும் பார்க்கிங் கான்கிரீட் தளத்தையும் இடித்துவிட்டு, புது சம்ப், பக்கத்தில் மோட்டார் ரூம், சுற்றி நடைபாதை போடப் போகிறோம். வந்த கொட்டேஷன்களில் ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்திருக்கிறது. இடிக்கிறதை இங்கேயே உடைத்து, ஜல்லியாக எல்லா வேலைக்கும் போட்டுக்கொள்கிறேன் என்கிறார் அந்தக் காண்டிராக்டர்.

போன கூட்டத்தில் "குப்பையில் சம்ப் கட்டுவதா, மௌலிவாக்கம் மறந்துபோச்சா?" என்று ஒரு சகோதரி கேட்டார். 2014 ஜூன் 28-ஐ யாரும் மறக்கவில்லை. 61 உயிர். ஆனால் அங்கே கேள்விக்குள்ளானது வடிவமைப்பும் தூண்களின் பலமும். பழைய ஜல்லி அல்ல. பயத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம் என்று, நான் விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். காமர்ஸ் படித்தவனுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பி.ஐ.எஸ். தளத்தில் பெயரைப் பதிந்தால் இலவசமாகவே கிடைக்கிறது. வட்டி சர்க்குலர் படித்தவனுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

முதலில் ஒன்று. கழிவு இல்லாத கான்கிரீட்டில் நாம் இப்போதும் குடியிருக்கவில்லை. கடையில் வாங்கும் பி.பி.சி. சிமென்ட் மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேர்க்க விதியே அனுமதிக்கிறது.

ஜல்லிக்கு வருவோம். ஐ.எஸ். 383 என்ற விதி 2016-இல் திருத்தப்பட்டபோது பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லிக்கு இடம் கொடுத்தது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை, அதுவும் எம்25 தரம் வரைக்கும்தான். கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். அடியில் போடும் பெட் கான்கிரீட் மாதிரி எம்15-க்குக் கீழே உள்ளதில் முழுக்கவே போடலாம். ஆனால் செங்கல், பூச்சு, டைல்ஸ் எல்லாம் கலந்த இடிபாடு என்றால் கணக்கு வேறு. அதற்கு அந்தக் கடைசி இடம் மட்டும்தான், கம்பி வேலைக்குக் கிட்டவே வரக்கூடாது.

ஏன் இந்தக் கெடுபிடி? பழைய ஜல்லியின் மேல் பழைய கலவை ஒட்டிக்கொண்டிருக்கும். அது தண்ணீரை உறிஞ்சும். நனைத்துப் போடாவிட்டால் சிமென்டுக்கு வைத்த தண்ணீரை அது குடித்துவிடும். கலவை இறுகுகிறதே என்று மேஸ்திரி இன்னொரு பக்கெட் ஊற்றுவார். பலம் போவது அந்த பக்கெட்டில்தான். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் சென்னை மாநகராட்சிக் கழிவை மறுசுழற்சி செய்யும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே பிரித்து, உடைத்து, சலித்து எடுப்பதும், இங்கே சுத்தியலால் தட்டி அள்ளுவதும் ஒன்றல்ல.

இப்போது நம் சம்ப். தண்ணீர் தேக்கும் கம்பி கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 3370 குறைந்தது எம்30 கேட்கிறது. பழைய ஜல்லிக்கு எல்லை எம்25. இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சம்பின் சுவரிலும் தளத்திலும் அதற்கு இடமே இல்லை. வாதம் தேவையில்லை.

நம் ஏ பிளாக் நண்பர், உறவினரின் ரைஸ் மில்லிலிருந்து உமிச்சாம்பல் சும்மா வாங்கித் தருகிறேன் என்றார். நல்ல மனசு. ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி, அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல், அதில் பெரும்பங்கு சிலிக்கா. சிமென்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு அது சேர்ந்து கூடுதல் பசையாகும். ஐ.எஸ். 456-இலேயே உமிச்சாம்பல் பெயர் சொல்லி இருக்கிறது. ஆனால் தரம் ஒரே சீராக இருக்க வேண்டும், பொறுப்பானவர் ஒப்புதல் வேண்டும். பாயிலரில் வருவது அப்படி இல்லை. சூடு குறைந்தால் கரி தங்கிவிடும், நம் பாட்டி பல் தேய்த்த உமிக்கரி மாதிரி. சூடு அதிகமானால் சிலிக்கா படிகமாகி வேலை செய்யாது. சரியாக எரித்தாலும் மாவாக அரைக்க வேண்டும். லாரியில் வந்து இறங்கும் கறுப்புச் சாம்பலை நம் சம்பில் போட்டுப் பரீட்சை பார்க்க வேண்டாம்.

ஆராய்ச்சி நடக்கட்டும். நமக்குப் பக்கத்திலேயே காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கொட்டாங்குச்சியை உடைத்து ஜல்லிக்குப் பதிலாகப் போட்டு உத்தரமே வார்த்துச் சோதித்திருக்கிறார்கள். சாதாரண கான்கிரீட் ஒரு கனமீட்டர் சுமார் 2,400 கிலோ, இது 2,000-க்குள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அது ஆய்வுக்கூடம், நாம் தினமும் தண்ணீர் குடிக்கிற குடும்பங்கள்.

அதற்காக அந்தக் கொட்டேஷனைத் தள்ள வேண்டாம். தள்ளினால் நம் இடிபாடு ராத்திரியில் ஏதோ ஒரு ஏரிக்கரையில்தான் இறங்கும். தண்டலத்தில் இருக்கிற நமக்கு அது தெரியாததா? மாற்றி எழுதச் சொல்வோம். சுவர் இடிபாடு முழுவதும் சம்புக்கும் நடைபாதைக்கும் அடியில் பெட் கான்கிரீட்டுக்கு. பார்க்கிங் தளத்துக் கான்கிரீட்டைத் தனியாகக் குவித்து, உடைத்துச் சலித்து, நடைபாதையில் 25 சதவீதம், மோட்டார் ரூம் கூரையில் இன்ஜினியர் கையெழுத்து போட்டால் மட்டும் 20 வரை. சம்ப் முழுக்கப் புது ஜல்லி. விலை கொஞ்சம் ஏறும். அப்போதும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தால் அவருக்கே கொடுப்போம்.

கான்கிரீட் போடும் ஒவ்வொரு நாளும் நம் கண்முன்னால் கியூப் எடுக்க வேண்டும். 28-ஆம் நாள் வெளி லேபில் உடைத்து ரிப்போர்ட் வந்த பிறகுதான் கடைசித் தவணை. செக்கில் கையெழுத்துப் போடுகிற செயலாளர் இதை மட்டும் தயவு செய்து குறித்துக்கொள்ளுங்கள். கியூப் எடுக்கும் நாட்களில் காலையிலிருந்து நான் நிற்கிறேன். இன்னும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள்.