ஒப்பமிட்ட வாக்குறுதியும் ஏற முடியாத படிக்கட்டும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் வன்னியிலிருந்து ஓர் இளைஞர் எம்மைத் தேடி வந்தார். 2009 ஆம் ஆண்டில் ஷெல் வீச்சில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தவர். எழுதுவினைஞர் பதவியொன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பும் வந்தது. பரீட்சை நடந்ததோ இரண்டாம் மாடியில். கைப்பிடியில்லாத படிகளைச் செயற்கைக் காலோடு ஒவ்வொன்றாக ஏறி, வியர்வை வழிய உள்ளே நுழைந்தவரிடம் கணக்கையோ மொழியையோ பற்றி எவரும் வினவினாரல்லர். "தம்பி, நீர் நாள்தோறும் இந்தப் படிகளை எப்படி ஏறுவீர்?" என்பதே முதற் கேள்வி. வேலை கிடைக்கவில்லை. காரணம் எழுத்திலே தரப்படவுமில்லை.

நாம் அவருக்கு ஐக்கிய நாடுகள் சபையின் சமவாயத்தை எடுத்துக் காட்டினோம். பொறுமையோடு வாசித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: "ஐயா, இதைக் கொண்டுபோய் எந்த மேசையில் வைக்கிறது?"

அக்கேள்விக்கு அன்று எம்மிடம் நேரான விடை இருக்கவில்லை. அந்த விடையைத் தேடவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

அச்சமவாயம் யாது? 2006 டிசம்பர் 13 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் நிறைவேறி, 2008 மே 3 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒப்பமிடுவதற்காக அது திறக்கப்பட்ட நாளாகிய 2007 மார்ச் 30 அன்றே இலங்கை அரசாங்கம் விரைந்து சென்று ஒப்பமிட்டது. விரைவு அத்துடன் தீர்ந்துவிட்டது போலும். ஏற்புறுதி அளிப்பதற்கு 2016 பெப்ரவரி 8 வரை, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சென்றன. அச்சமவாயத்தின் 27 ஆவது உறுப்புரை, வலுவிழந்தோரும் ஏனையோருக்குச் சமமாகத் தொழில் செய்து பிழைக்கும் உரிமையுடையர் எனக் கூறுகின்றது. வேலைத்தலத்தில் அவர்களுக்கு நியாயமான வசதி செய்து கொடுத்தல் வேண்டும். அதனை மறுப்பதே பாரபட்சம் என 2 ஆவது உறுப்புரை விளக்கம் தருகின்றது. அரசாங்க உத்தியோகம், தனியார் தொழில் என்பவற்றோடு சுயதொழிலும் கூட்டுறவும் 27 ஆவது உறுப்புரையில் எழுதப்பட்டுள்ளன. கமக்காரர்கள் இதனைக் கவனித்தல் வேண்டும்.

அங்கவீனர் என்று ஒரு காலத்தில் அழைத்தோம். பின்னர் வலதுகுறைந்தோர் என்றோம். இப்போது மாற்றுத்திறனாளிகள் என்கின்றோம். பெயர் திருந்தியது நன்றே. படிக்கட்டு மட்டும் அன்றிருந்த உயரத்திலேயே இருக்கின்றது.

இனி அந்த மேசைக்கு வருவோம். வெளிநாட்டில் இடும் ஒப்பம் உள்நாட்டில் தானாகவே சட்டமாகிவிடுவதில்லை. 2006 ஆம் ஆண்டில் சிங்கராசா வழக்கிலே எமது உயர் நீதிமன்றம் இதனை ஐயந்திரிபறக் கூறிவிட்டது. அது வேறொரு சர்வதேச உடன்படிக்கை பற்றிய வழக்கு. அதன் துயரம் உங்களுட் பலருக்கு நினைவிருக்கும். ஆயினும் அதன் நியாயம் இங்கும் பொருந்துகின்றது. பாராளுமன்றம் சட்டமாக்காத வரையில், சமவாயத்தை மட்டும் கையில் ஏந்திச் செல்பவனுக்கு நீதிமன்ற வாயில் திறவாது.

அப்படியாயின் உள்நாட்டிலே என்ன உண்டு? 1988 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றுநிருபம் உண்டு. அரசாங்க சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வலுவிழந்தோருக்கு என்பது அதன் சாரம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உள: உரிய தகைமை இருத்தல் வேண்டும், குறைபாடு கடமைக்கு இடையூறாக இருத்தலாகாது. முதலாவது நியாயமானதே. இரண்டாவதை யார் தீர்மானிப்பது? படிக்கட்டைக் கட்டியவரே, அதன்மேல் அமர்ந்துகொண்டு, ஏற முடியாமை கடமைக்கு இடையூறு எனத் தீர்மானிக்கிறார். சமவாயமோ, முதலில் மேசையைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிப் பார், அதன் பின்னர் இடையூறு உண்டா எனக் கேள் என்கின்றது.

கணக்கையும் சற்றே பாருங்கள். நூற்றுக்கு 3 என்றால், 34 வெற்றிடங்கள் ஒருங்கே சேர்ந்தாலன்றி முழுதாக ஓராள் வரமாட்டார். எமது மாவட்டங்களில் எந்த அலுவலகம் ஒரே வேளையில் 34 பேரைச் சேர்க்கின்றது? அலுவலகம் அலுவலகமாகக் கணக்கிட்டால் 3 என்பது பூச்சியமாகும். மாகாணம் முழுவதையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட்டால்தான் அந்த இலக்கத்துக்கு உயிர் வரும்.

அயல்நாடாகிய இந்தியாவில் இவ்வொதுக்கீடு சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நூற்றுக்கு 3 ஆக இருந்தது, 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 4 ஆயிற்று. சட்டமாயிருப்பதால் அங்குள்ளோர் அதன் பேரில் நீதிமன்றம் வரை சென்று வழக்காட முடிகிறது. இங்கோ அது ஒரு சுற்றுநிருபத்தில் உறங்குகின்றது. புதிய சட்டமூலம் பற்றிய பேச்சு ஆண்டுக்கணக்கில் நடைபெறுகின்றது. எமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் வற்புறுத்த வேண்டியதும் இதனையே.

வசதி செய்தல் என்றதும் பெருஞ் செலவு என அஞ்சுவோர் உளர். ஒரு கையை மணிக்கட்டோடு இழந்த கமக்காரர் ஒருவரை நாம் அறிவோம். ஊர்க் கம்மாலையில் இரும்பு வளையமொன்று செய்வித்து, மண்வெட்டிப் பிடியிற் பொருத்தி, குறைக்கையை அதனுட் செலுத்தி வாய்க்கால் வெட்டுகிறார். சமவாயம் கூறும் நியாயமான வசதி என்பது இதுதான். அவருக்குத் தடையாக நின்றது நிலமன்று. "கை இல்லாதவர் எப்படிக் கடனைக் கட்டுவார்?" என்று கேட்டுப் பயிர்ச்செய்கைக் கடனை இழுத்தடித்தது, எம்மவரே நடத்தும் ஒரு சங்கம். கொழும்பை மட்டும் குற்றஞ் சாட்டிவிட்டு நாம் வீடு செல்ல முடியாது.

ஏன், எமது சொந்த அலுவலகமே அப்போது மேல்மாடியில்தான் இருந்தது. அவ்விளைஞர் அந்தப் படிகளையும் ஏறியே எம்மிடம் வந்து முறையிட்டார். அதனை நாம் உணர்ந்தது அவர் இறங்கிச் சென்ற பின்னர். கீழ்த்தளத்துக்கு மாற மேலும் ஓராண்டு எடுத்தோம். வாடகை கூட என்று தயங்கினோம்.

ஆகவே, கையில் உள்ள கருவிகளைக் கூறுகின்றோம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, வேலைக்குச் சேர்ப்பதில் வலுவிழந்தோருக்குப் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. மீறினால் மேல் நீதிமன்றத்திலே மனுச் செய்யலாம். வசதி செய்து கொடாமை பாரபட்சமாகும் என்ற வாசகம் அதில் இல்லாதது பெருங் குறையே. எனினும் மழுங்கிய கத்தியையும் தீட்டிப் பயன்படுத்தலாம். அரசாங்க அலுவலகம் மறுத்தால், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கும் செல்லலாம். அதற்குத் தவணை ஒரு மாதமே. எம்மிடம் வருவோர் பெரும்பாலும் ஆறு மாதங் கழித்தே வருகின்றனர்.

கட்டடங்களைப் பொறுத்தவரை நிலைமை சற்றே நன்று. அணுகும் வசதி பற்றிய 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் உள. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த மனுவில், புதிய பொதுக் கட்டடங்களில் இவ்வசதிகள் இருந்தேயாக வேண்டும் என 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்குவது யார்? எமது வாக்கினால் தெரிவான பிரதேச சபைகளும் நகர சபைகளுமே. சாய்தளம் இல்லாத பொதுக் கட்டடத்தின் வரைபடத்தைத் திருப்பி அனுப்புவதற்குக் கொழும்பிலிருந்து எவரும் வர வேண்டியதில்லை.

இன்னுமொன்று. 2025 ஏப்ரலில் பேர்லினில் கூடிய உலக மகாநாட்டில் அம்மான் - பேர்லின் பிரகடனம் வெளியாயிற்று. நாடுகளில் நடைபெறும் சர்வதேச அபிவிருத்தித் திட்டங்களில் குறைந்தது நூற்றுக்கு 15 வலுவிழந்தோரை உள்ளடக்குவதைக் குறிக்கோளாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் கோரிக்கை. எமது மாகாணத்திலே வெளிநாட்டு உதவியோடு சந்தையோ குளமோ களஞ்சியமோ கட்டப்படும்போது, கமக்காரர் அமைப்புகள் முதற் கூட்டத்திலேயே எழுந்து அந்தப் பதினைந்தைப் பற்றிக் கேட்கலாம்.

வந்திருக்கும் சட்டத்தரணிகள் பதின்மர் எம்மோடு இசைந்துள்ளனர். கட்டணமின்றி இவ்வழக்குகளை ஏற்போம். உங்கள் ஊரில் எவருக்கேனும் கால், கை, கண், காது காரணமாக வேலை மறுக்கப்பட்டால், மறுத்த காரணத்தைக் கேட்டு அன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள், திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு மாதம் முடியுமுன் எம்மிடம் அழைத்து வாருங்கள். எமது அலுவலகம் இப்போது கீழ்த்தளத்தில் இருக்கின்றது.