வீட்டுப் பந்தலில் திராட்சை
(பங்கு யூபிலிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பங்கில் திராட்சைப் பந்தல் போட்ட வீடுகள் பல; பழம் பறித்த வீடுகள் சில. "இலைதான் வருகிறது, காயைக் காணோம்" என்று மனம் வெறுத்து, மூன்றாம் ஆண்டே கொடியை வேரோடு வெட்டி எறிந்தவர்களும் உண்டு. பாவம், கொடியின் மேல் குற்றமில்லை.

இன்று கம்பம் பள்ளத்தாக்கில் செழித்து, 2023-இல் புவிசார் குறியீடும் பெற்ற பன்னீர் திராட்சையை, 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பர். அவருடைய நாட்டில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கும்; வசந்தத்தில் மொட்டுகள் ஒருங்கே விழிக்கும். நம் ஊரில் அதற்கு உறக்கமே கிடையாது. நுனி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பூவெடுக்க வேண்டிய கணுக்கள் பின்னால் அடங்கிக் கிடக்கும். அவற்றை எழுப்புவதற்கே கவாத்து.

டிசம்பர்–சனவரியில் ஒருமுறை, மே–சூனில் ஒருமுறை. அதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். முற்றிப் பழுப்பேறிய கிளையில் நான்கைந்து கணுக்களை விட்டு மீதியை வெட்டுவோம். மெலிந்த கிளைக்கு ஒன்றிரண்டு போதும். பச்சைப் பந்தல் மொட்டையாவதைக் கண்டு வீட்டுப் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தை எத்தனை முறை கேட்டிருந்தாலும், கத்தரியை எடுக்க நமக்குக் கை கூசத்தான் செய்கிறது! வெட்டிய நான்கு மாதத்திற்குள் பழம் கைக்கு வரும்.

புதிதாக நடுவோர் நல்ல வெயில்படும் இடத்தில், சூன்–சூலையில், இரண்டடிக் குழியில் தொழு உரமிட்டு நடலாம். தண்டை ஒற்றையாக ஏழடிப் பந்தல்வரை ஏற்றி, நுனியைக் கிள்ளி, இருபுறமும் படரவிட வேண்டும்.

மழைக்காலத்தில் இலையின் அடியில் வெண்பூசணம் கண்டால் போர்டோ கலவை தெளிப்போம். மயில்துத்தம் 100 கிராமை ஐந்து லிட்டர் நீரிலும், சுண்ணாம்பு 100 கிராமை ஐந்து லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. இரும்புப் பாத்திரம் ஆகாது. அன்றே தெளித்துவிட வேண்டும். காய் பழுக்கும் தருவாயில் வேண்டாம்.

டிசம்பரில் நம் கோயில் வளாகத்துக் கொடியைக் கவாத்து செய்கையில், பென்சில் பருமனுள்ள, நான்கு கணுக் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி வைப்போம். வேண்டுவோர் ஞாயிறு பூசைக்குப் பின் வந்து பெற்றுக்கொள்ளலாம்.