கடல் கொண்டதும் கடல் கொடுத்ததும்



கடற்கோள் என்னும் சொல்லைக் கேளாத தமிழர் இலர். கடல் கொண்ட ஊர்களைப் பற்றிய பேச்சு தமிழரிடை மிகுதி. கடல் கொடுத்த நிலத்தைப் பற்றிய பேச்சோ மிகக் குறைவு. கொள்வதும் கொடுப்பதும் கடலுக்கு ஒரே தொழில். ஊழிக்கொரு முறையென்று காத்திராமல், ஒவ்வோர் அலையிலும் அது நடந்துகொண்டிருக்கின்றது.

அலை கரைக்கு நேராக வருவது அரிது. காற்றின் போக்கிற்கேற்பச் சாய்வாகவே வந்து மோதும். மோதிய நீர் மணலை வாரிக்கொண்டு சாய்வாக மேலேறும். திரும்புங்கால் கரையின் சரிவு வழியே நேராகக் கீழிறங்கும். ஆகவே, ஏறிய இடத்தில் மணல் இறங்குவதில்லை. ஒவ்வோர் அலைக்கும் சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். இவ்வாறு கரையை ஒட்டி மணலாறு ஒன்று ஓயாது ஓடுகின்றது. கோடிக்கரைக்கு வடக்கே சென்னை வரையுள்ள கரையில், தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் அவ்வாறு வடக்கு நோக்கி ஓடும். வாடை வீசும் திங்கள்களில் தெற்கே திரும்பும். ஆண்டு முழுமைக்கும் கூட்டிக் கழித்தால் வடக்கே செல்வதே மிகுதி.

புயற்காலத்துப் பேரலைகள் கரைமணலை உள்ளே இழுத்துச் சென்று கடலடியில் திட்டாகப் போடும். அமைதிக் காலத்துச் சிற்றலைகள் அதையே சிறிது சிறிதாகக் கரைக்குத் திருப்பித் தரும். அலை குவித்த இம்மணலை முன்னோர் எக்கர் என்றனர். அதன்மேல் அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்து வேர்விட்டால், காற்று கொண்டுவரும் மணல் அங்கே தங்கி மேடாகும். அம்மேடு ஊருக்கு அரண். அடுத்த புயலுக்கென்று கரை சேர்த்துவைத்த களஞ்சியமும் அதுவே. அதைச் சமன்செய்து மாளிகை எழுப்புவோர் புயலடித்த பிறகே அதனை நினைக்கின்றனர்.

கடல் பின்வாங்கியதற்குக் கொற்கையினும் சிறந்த சான்று வேண்டா. பாண்டியரின் முத்துத்துறையாக விளங்கிய கொற்கை இன்று கடலினின்று ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே, வயல்களின் நடுவே கிடக்கின்றது. தாமிரபரணி எனப்படும் பொருநை கொண்டுவந்த வண்டல் கழிமுகத்தைத் தூர்த்துக் கடலைத் தள்ளிவிட்டது. கொற்கை தூர்ந்தபின் துறை காயலுக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்த அக்காயலும் தூர்ந்தது. வாணிகம் தூத்துக்குடிக்குப் போயிற்று. பகைவர் எவரும் கொற்கையை அழிக்கவில்லை. ஆற்று மண்ணே போதுமாயிருந்தது.

தரங்கம்பாடியில் நடந்தது இதற்கு மாறு. (தரங்கம் என்பது வடசொல், பழங்கல்வெட்டு அவ்வூரைச் சடங்கன்பாடி என்றே குறிக்கும்.) 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை அரித்துக் கொண்டுபோயிற்று. ஆறு தரும் மண் அலை அள்ளும் மண்ணுக்கு ஈடாகாத இடத்தில் கரை பின்வாங்கியே தீரும்.

இவ்வளவும் இயற்கையின் கணக்கு. அக்கணக்கில் மாந்தர் கைவைத்தால் என்னாகும் என்பதைச் சென்னையே காட்டும். 1875-இல் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கியது. அதற்கு முன் அலைகள் கோட்டை மதிலுக்கு மிக அருகில் வந்துபோயின. கடலுள் நீட்டிய கல்லணைகள் வடக்கே ஓடிய மணலாற்றை மறித்தன. தெற்கே மணல் ஆண்டுக்காண்டு குவிந்தது. இன்று மாலைதோறும் மக்கள் உலவும் மெரினாவின் பரப்பு பெரிதும் அவ்வாறு வந்ததே. வடக்கே, வரவேண்டிய மணல் வராமையால், இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டு மீனவர் குப்பங்கள் வீடுகளை இழந்தன. மெரினாவில் காற்று வாங்குவோர், அம்மணல் எவர் வாயிற்படிக்குச் செல்ல வேண்டியது என்று கேட்பதில்லை.

புதுச்சேரியிலும் இதுவே நேர்ந்தது. 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்கென்று எழுந்த அலைதடுப்புச் சுவர்கள் தெற்கே மணலைத் தேக்கின. வடக்கே நகரின் மணற்கரை மறைந்து கருங்கல் மட்டுமே எஞ்சியது. ஆறுகளும் இன்று முன்போல் மண் தருவதில்லை. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் காவிரி சுமந்துவந்த மண்ணில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தின் அடியில் படிகின்றது. எஞ்சியதை மணற்கொள்ளையர் வண்டியேற்றுகின்றனர்.

அரிப்பைத் தடுக்க அரசு கல் கொட்டுகின்றது. கல் கொட்டிய குப்பத்தின் முன் நிலம் நிற்கும். ஆனால் கல்வரிசை முடியுமிடத்தில், அடுத்த குப்பத்தின் முன், அரிப்பு தொடங்கும். பிறகு அங்கும் கல் கேட்டு மனுக்கொடுக்கின்றனர்.