கைக்குட்டையின் ஓரம்



நூல் என்னும் சொல்லுக்குப் பஞ்சையும் இழையையும் உவமை காட்டிப் பொருள் விளக்கியது நன்னூல். நெல்லைச் சீமையின் இடையன்குடியில் இருவகை நூலும் ஒரே இல்லத்தாரிடம் வளர்ந்தன. கால்டுவெல் இயற்றிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அதைத் தமிழுலகம் அறியும். அவருடைய மனைவி எலைசா அவ்வூர்ப் பெண்களுக்குக் கற்பித்த லேஸ் பின்னலை அறிந்தவர் சிலரே. எலைசாவுக்கு அது தாய்வீட்டுச் சீதனம். அவருடைய தாய் மார்த்தா மால்ட், 1819இல் கணவருடன் நாகர்கோயிலுக்கு வந்து, மிஷன் பள்ளிச் சிறுமியர்க்கு ஐரோப்பிய பாபின் லேஸைப் பயிற்றியவர்.

ஒரு கைக்குட்டைக்கு அவ்வோரம் உருவாகும் விதத்தைக் காண்க. தறி இல்லை, பின்னுவதற்குத் தையலூசியும் இல்லை. இறுக அடைத்த திண்டின் மேல், துளையிட்டுக் கோலம் குறித்த தடித்த தாள். நூல் சுற்றிய சிறு கட்டைகளாகிய பாபின்கள் இணை இணையாகத் தொங்கும். நான்கு இழைகளில் நடு இரண்டைக் குறுக்கே மாற்றுதல் ஓர் அசைவு. ஒவ்வோர் இணையையும் தனித்தனியே முறுக்குதல் மற்றோர் அசைவு. குறுக்கி, முறுக்கி, மீண்டும் குறுக்கினால் துணிபோல் நெருங்கிய பரப்பு. குறுக்கி முறுக்குவதோடு நிறுத்தினால் வலைபோல் திறந்த பரப்பு. நேர், நிரை என்னும் இரண்டு அசைகளிலிருந்து செய்யுள் விரிவதுபோல, இவ்விரண்டிலிருந்தே பூவும் இலையும் விரிகின்றன. பின்னிய இடம் நிலைக்கும்வரை அதைக் குண்டூசிகள் தாங்கும்.

நேராக ஓடும்வரை வேலை எளிது. மூலையில்தான் கைக்குச் சோதனை. உட்கரை ஒரு புள்ளியில் நிற்க, வெளிக்கரை சுற்றி வரவேண்டும். நான்கு மூலைகளைக் கடந்தபின், இறுதி இழைகளைத் தொடக்கத்துக் கண்ணிகளில் கோத்து முடிவார்கள். அந்தாதி மண்டலிப்பதும் அவ்வாறே. இழுப்பு ஒரே சீராக இல்லையேல் அம்முடிச்சு கண்ணை உறுத்தும்.

இதைப் பின்னிய கைகள் யாருடையவை? அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்களுக்கு மேலாடை மறுக்கப்பட்டிருந்தது. நாடார் பெண்களுக்கு அவ்வுரிமையை அரச அறிவிப்பு வழங்கியது 1859இல். அதுவும் உயர்சாதியார் உடுத்தும் முறையில் அன்று என்னும் நிபந்தனையோடு. பிறருடைய கைக்குட்டைக்கு ஓரம் அமைத்த பெண்களுக்குத் தம் தோள்மேல் ஒரு துணி இடும் உரிமை இல்லை. ஆயினும் லேஸ் கூலியைச் சேர்த்து வைத்து, தம் அடிமைத்தளையை விலை கொடுத்து நீக்கிக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் வரலாறுகள் கூறும். அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். சட்டம் வருமுன்னரே அவர்களை விடுவித்தது நூல்.

பாடிய தொடராலேயே பெயர் பெற்றார் செம்புலப்பெயனீரார். இயற்பெயர் மறைந்தும் தமிழ் அவரைக் கைவிடவில்லை. இப்பெண்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவர்கள் பின்னியவை ஊரின் பெயரால் நாகர்கோயில் லேஸ் என்றே விலைபோயின. ஒவ்வொரு கவிதையின் கீழும் பெயர் பொறித்து வெளிவரும் இப்பத்தாம் ஆண்டு மலரில், பெயர் எழுதப்படாத அக்கைகளுக்கும் ஒரு பக்கம் இருத்தல் தகும்.