தண்டவாளம் இல்லாத ரயில் பாதை

பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் பல வீடுகளில் ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா ஒருவர் இருந்திருப்பார். அந்த மலாயா ரயில் 2011 ஜூன் 30 வரை சிங்கப்பூர் தஞ்சோங் பகார் வரை ஓடியது. இப்போது சிங்கப்பூருக்குள் அந்தத் தடம் 24 கிலோமீட்டருக்குப் பசுமைப் பாதை. சைக்கிளில் ஒரே நாளில் முடித்துவிடலாம்தான். ஆனால் எதற்கு அவசரம்? இரண்டு நாள் வையுங்கள். முதல் நாள் தெற்கிலிருந்து புக்கிட் தீமா வரை போதும். 1932-இல் கட்டிய அங்குள்ள சின்ன ரயில் நிலையத்தில்தான், பாதையில் செல்ல அனுமதியான சாவி வளையத்தை வரும் ரயிலின் ஓட்டுநரிடம் கைமாற்றினார்கள். பக்கத்திலேயே பழைய இரும்புப் பாலம். மறுநாள் உட்லண்ட்ஸ் பக்கம். மழை பெய்தால் சில இடங்களில் சேறு. முன்விளக்கு, பஞ்சர் சாமான், கடப்பிதழ் எல்லாம் இருக்கட்டும். எந்தப் பகுதியாவது மூடியிருக்கிறதா என்று கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.