ஒட்டுறவும் புற்றுநோயும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனுக்குப் புற்றுநோயைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் நகைக்கலாம். எம் தாய்மாமனார் கன்னத்தினுள்ளே தோன்றிய புண்ணை எட்டுத் திங்கள் ஒருவர்க்குஞ் சொல்லாது மறைத்து, கழுத்தில் நெறிகட்டிய பின்னரே வைத்தியரிடஞ் சென்று, காலங்கடந்தமையின் மாண்டார். கன்னத்துப் புண் கழுத்தை அடைந்தது எங்ஙனம் என்னும் வினாவே எம்மை இப்பொருளைக் கற்கத் தூண்டிற்று.

செங்கல்லைச் சாந்து பற்றுவதுபோல், வாயின் உட்புறத்து உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைப்பது கேட்ஹெரின் என்னும் புரதமாம். சுண்ணாம்புச் சத்து உள்ளவழிப் பற்றும். அஃது அகலின் பிடி தளரும். இதனை ஆராய்ந்து வெளியிட்டவர் ஜப்பானியராகிய தக்கெய்ச்சி என்பார். (வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு உதவுமென எவரும் மகிழவேண்டா!)

புற்றணுக்கள் பலவற்றில் இப்புரதம் குறைகின்றது. குறையவே, அணு தன் சுற்றத்தைவிட்டுக் கழல்கின்றது. கழன்றது வாளா கிடப்பதன்று. இன்டெக்ரின் என்னும் வேறு புரதங்களாற் சுற்றியுள்ள நார்ப்பொருளைப் பற்றி நடக்கின்றது. பனையேறுவானை நோக்குமின். கை பற்றக் கால் நெகிழும். கால் பற்றக் கை நெகிழும். பிடி மிக இறுகின் ஏறல் இயலாது. மிகத் தளரின் வீழ்வான். அணுவும் முன்புறம் பற்றிப் பின்புறம் விட்டே செல்கின்றது. பிடியை முற்றும் விடாது கூட்டமாகப் பெயர்வனவும் உள. ஆதலின் பிடி தளர்தல் ஒன்றே காரணமென்றல் பொருந்தாது. இவ்வாறு நிணநீர்க் குழாயுட் புகுந்தவை கழுத்துக் கணுக்களிற் சென்று தங்குகின்றன.

விதை வீழ்ந்த இடமெல்லாம் முளையாது, நிலமும் ஏற்கவேண்டும் என 1889-ல் ஆங்கில வைத்தியர் ஸ்டீபன் பாஜெட் எழுதினார். மானாவாரி உழும் நம்மவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

நம் புதுக்கோட்டையிற் பிறந்து, இங்கே மகாராஜா கல்லூரியிற் பயின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரின் பயனாக 1954-ல் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அணுக்கள் இடம்பெயருமுன் கண்டு நீக்கிய வாய்ப்புற்று பெரும்பாலுங் குணமாகின்றது. வாயில் ஆறாத புண்ணோ, வெண்படலமோ இரண்டு வாரத்திற்கு மேல் நிற்பின் வைத்தியரிடங் காட்டுக. இதில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

புகையிலை மட்டுமன்று, பாக்குந் தனித்தே இந்நோயை விளைக்கும் என்பது இன்று தெளிந்த முடிபு. தாம்பூலத்தை அடியோடு விலக்குக என்றால் நம் பாட்டிமார் எம்மை வீட்டினுட் புகவிடார். ஆதலின், நம்மவர் திருமணப் பந்தலில் தாம்பூலத் தட்டில் புகையிலை வைத்தலை மட்டும் இவ்வாண்டு நிறுத்துவதென ஒரு தீர்மானத்தை அவைமுன் வைக்கின்றோம். வழிமொழிவார் எழுந்து நிற்க வேண்டுகின்றோம்.